காணப்படாதவளின் கூற்று: ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்னும் ஆலிஸ் ஷெல்டனின் வாழ்வும் புனைவும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க அறிவியல் புனைவுலகில் 1968 முதல் ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்னும் பெயரில் எழுதி, ஹியூகோ, நெபுலா ஆகிய முதன்மை விருதுகளைப் பெற்றவர் ஆலிஸ் பிராட்லி ஷெல்டன் (1915-1987). ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் வாசகர்களும் திறனாய்வாளர்களும் அவரை ஓர் ஆணாகவே கருதினர். அவருடைய வாழ்வை நிரல்படக் கூறி, அவர் மேற்கொண்ட தொழில்களுக்கும் அவருடைய கதைகளின் பாடுபொருளுக்கும் இடையிலான உறவை இக்கட்டுரை ஆராய்கிறது. பிறர் காணாததைக் கண்டறிவதே அவருடைய தொழில்களின் இயல்பு. கண்முன் இருப்பதைக் காணத் தவறுவதே அவருடைய கதைமாந்தரின் இயல்பு. இவ்விரண்டையும் இணைப்பது அவருடைய புனைபெயர் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். கதைத் தலைப்புகள் தமிழாக்கமாகத் தரப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைவு, புனைபெயர், கூற்று, பாலினம், உடல், திறனாய்வு நோக்கு.

முன்னுரை

ஒரு படைப்பைப் படிக்கும் வாசகர், அதன் ஆசிரியர் ஆணா பெண்ணா என்பதை நடையைக் கொண்டு உணர இயலுமா என்பது இலக்கியத் திறனாய்வில் நெடுங்காலமாக நிலவும் வினா. இவ்வினாவுக்குக் கோட்பாட்டு நிலையில் பல விடைகள் தரப்பட்டுள்ளன. ஆயின், ஓர் எழுத்தாளரின் வாழ்வே இவ்வினாவுக்குரிய சோதனைக்களமாக அமைந்த நிகழ்வு அரிது. ஆலிஸ் ஷெல்டனின் எழுத்துவாழ்வு அத்தகைய அரிய நிகழ்வு. அவர் ஆண் பெயரில் எழுதினார் என்பது மட்டுமே அவரைப் பற்றிப் பரவலாக அறியப்பட்டுள்ளது. அப்பெயர் அவருடைய கதைகளின் உட்பொருளோடு கொண்டிருந்த உறவு விரிவாக நோக்கத்தக்கது.

பிறப்பும் இளமையும்

ஆலிஸ் ஹேஸ்டிங்ஸ் பிராட்லி 1915ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் சிகாகோ நகரில் பிறந்தார். தந்தை ஹெர்பர்ட் பிராட்லி வழக்கறிஞர்; நாடாய்வுப் பயணங்களில் ஈடுபாடு உடையவர். தாய் மேரி ஹேஸ்டிங்ஸ் பிராட்லி புனைகதைகளும் பயண நூல்களும் எழுதிப் புகழ்பெற்றவர். 1921-22இல் விலங்கியல் சேகரிப்பாளர் கார்ல் எய்க்லி மேற்கொண்ட மத்திய ஆப்பிரிக்கப் பயணத்தில் பிராட்லி குடும்பமும் இணைந்தது. அப்போது ஆலிஸின் அகவை ஆறு. மலைக் கொரில்லாக்களைத் தேடிச் சென்ற அப்பயணத்தைத் தாய் ஒரு நூலாக எழுதினார். பின்னர் மகளையே தலைமைப் பாத்திரமாக்கிச் சிறுவர் நூல்களையும் படைத்தார்.

இச்செய்தி இருவகையில் முதன்மை பெறுகிறது. முதலாவதாக, தனக்கு முற்றிலும் அயலான மனிதரையும் விலங்குகளையும் நிலத்தையும் மிக இளமையிலேயே கண்ட அனுபவம், பிற்காலத்தில் அயற்கோள் உயிர்களைப் படைக்கும் கற்பனைக்கு அடித்தளமாயிற்று. அவருடைய கதைகளில் அந்நியர் என்பவர் வேடிக்கைப் பொருளாக அமைவதில்லை. மனிதரின் ஆசைகளையும் அச்சங்களையும் வெளிக்கொணரும் கருவியாகவே அமைகின்றனர். இரண்டாவதாக, ஆலிஸ் ஆசிரியர் ஆவதற்கு முன்பே கதைப்பாத்திரமாகிவிட்டார். அவருடைய இயற்பெயர் அவருக்கு உரிமையாகும் முன்னரே தாயின் நூலட்டைகளில் இடம்பெற்றுவிட்டது. தனக்கென ஒரு பெயரை அவர் ஐம்பது அகவை கடந்தபின் தேடிக்கொண்டதை இப்பின்புலத்தில் வைத்தே காணவேண்டும்.

1934இல் வில்லியம் டேவி என்பாரை மணந்தார். அம்மணம் 1941இல் முறிந்தது. இக்காலத்தில் ஓவியம் பயின்று வரைந்தார். பின்னர்ச் சிகாகோவின் செய்தித்தாள் ஒன்றில் கலை விமரிசகராகச் சிலகாலம் பணியாற்றினார்.

காண்பதே தொழிலாக

இரண்டாம் உலகப் போர் அவருடைய வாழ்வின் திசையை மாற்றியது. 1942இல் பெண்களுக்கான படைத்துணைப் பிரிவில் சேர்ந்தார். வானூர்திகளிலிருந்து எடுக்கப்படும் நிழற்படங்களை ஆராய்ந்து பகைவரின் நிலைகளைக் கண்டறியும் பணியில் பயிற்சி பெற்று, மேஜர் நிலைக்கு உயர்ந்தார். சாம்பல் நிறத் திட்டுக்களுக்கிடையே ஒரு தொழிற்சாலையின் நிழலையோ மறைக்கப்பட்ட ஓடுபாதையின் கோட்டையோ இனங்காண்பது இப்பணியின் அடிப்படைத் திறன். சாதாரணக் கண்ணுக்கு வெற்றிடமாகத் தோன்றுவதில் செய்தி உண்டு என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்த தொழில் இது.

1945இல் ஐரோப்பாவில் பணியாற்றியபோது, அதே துறையின் உயரலுவலராகிய ஹண்டிங்டன் ஷெல்டனை மணந்தார். அடுத்த ஆண்டு, போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் இடம்பெயர்ந்து நின்ற மக்களைப் பற்றிய கதை ஒன்றை நியூயார்க்கர் இதழில் ஆலிஸ் பிராட்லி என்னும் இயற்பெயரில் வெளியிட்டார். அவருடைய இந்தத் தொடக்ககாலக் கதையும் பிறர் கண்டும் காணாமற்போன மனிதரையே பேசுகிறது என்பது கருதத்தக்கது.

போருக்குப் பின் கணவனும் மனைவியும் நியூஜெர்சியில் கோழிக்குஞ்சு பொரிப்பகம் ஒன்றைச் சில ஆண்டுகள் நடத்தினர். 1952இல் இருவரும் அமெரிக்க மத்திய உளவு நிறுவனமாகிய சி.ஐ.ஏ.வில் சேர்ந்தனர். ஹண்டிங்டன் அங்கு உயர்பதவிகளை வகித்தார். ஆலிஸ் 1955இல் விலகிக் கல்வியை நாடினார். 1959இல் இளங்கலைப் பட்டமும், 1967இல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சோதனை உளவியலில் முனைவர் பட்டமும் பெற்றார். பழகிய சூழலிலும் பழகாத சூழலிலும் விலங்குகள் புதியனவற்றை விரும்புகின்றனவா, பழையனவற்றையே நாடுகின்றனவா என்பது அவருடைய ஆய்வுப்பொருள்.

படவாய்வு, உளவு, உளவியல் ஆகிய மூன்றும் வெவ்வேறு துறைகளாகத் தோன்றினும் அவற்றின் அடிப்படை ஒன்றே. காண்பவர் தம் இருப்பை வெளிப்படுத்தாது பிறரைக் காணுதலே அவ்வடிப்படை. புனைபெயரின் பின்நின்று எழுதியபோதும் அவர் இந்நிலையையே மேற்கொண்டார்.

புனைபெயரின் தோற்றம்

முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் காலத்தில் ஆலிஸ் பொழுதுபோக்காகச் சில அறிவியல் கதைகளை எழுதினார். அவற்றை இதழ்களுக்கு அனுப்ப ஒரு பெயர் தேவைப்பட்டது. கடையில் கண்ட டிப்ட்ரீ என்னும் வணிகப்பெயர் கொண்ட பழப்பாகுக் குப்பியிலிருந்து அப்பெயர் பிறந்தது. ஜூனியர் என்னும் பின்னொட்டைக் கணவர் சேர்த்தார். 1968ஆம் ஆண்டு மார்ச்சு மாத அனலாக் இதழில் ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியரின் முதற்கதை வெளிவந்தது.

விளையாட்டாகத் தொடங்கிய பெயர் விரைவில் ஓர் ஆளுமையாக வளர்ந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் மெக்லீன் நகர அஞ்சற்பெட்டி எண்ணை முகவரியாகக் கொண்டு, டிப்ட்ரீ பிற எழுத்தாளர்களுடன் கடிதத் தொடர்பு கொண்டார். உர்சுலா லெ குவின், ஜோவன்னா ரஸ், பிலிப் கே. டிக் முதலியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். தொலைபேசியில் பேசுவதையும் நேரில் தோன்றுவதையும் டிப்ட்ரீ தவிர்த்தார். எனினும் தம்மைப் பற்றி அவர் கூறிய செய்திகள் பெரும்பாலும் உண்மையே. ஆப்பிரிக்காவில் கழிந்த இளமை, போர்க்காலப் பணி, அரசுப்பணி ஆகியவற்றை அவர் மறைக்கவில்லை. காடு, படை, உளவு ஆகியவற்றைக் கேட்ட வாசகர்கள் அவற்றை ஆணுக்குரியனவாகத் தாமே கருதிக்கொண்டனர். சான்றுகள் மெய்யாக இருந்தும் முடிவு பொய்யாயிற்று.

1970களின் தொடக்கத்தில் ராக்கூனா ஷெல்டன் என்னும் இரண்டாவது புனைபெயரையும் அவர் உருவாக்கினார். ஒரே எழுத்தாளர் ஆண் பெயரிலும் பெண் பெயரிலும் ஒரே காலத்தில் எழுதலானார்.

ஆண் கூற்றில் பெண்ணின் கதை

1973இல் வெளிவந்த 'ஆண்கள் காணாத பெண்கள்' டிப்ட்ரீயின் கதைகளுள் மிகுதியாக ஆராயப்பட்டது. மெக்சிகோவின் கிண்டானா ரூ கடற்கரைச் சதுப்பு நிலத்தில் சிறு வானூர்தி ஒன்று வீழ்கிறது. வானூர்தியோட்டி, ஃபென்டன் என்னும் அமெரிக்கர், ரூத் பார்சன்ஸ் என்னும் பெண், அவள் மகள் ஆகிய நால்வரும் உயிர் தப்புகின்றனர். கதை முழுமையும் ஃபென்டனின் கூற்றாக அமைகிறது. அவன் துணிவுடையவன்; பண்புடையவன்; பெண்களைக் காக்கும் கடமை தனக்குண்டு என எண்ணுபவன். தொடக்கத்தில் தாயும் மகளும் அவன் கண்ணுக்குத் தெளிவற்ற உருவங்களாகவே படுகின்றனர். பின்னர் ரூத்தின் ஒவ்வொரு செயலுக்கும் அவன் ஒரு காரணத்தைக் கற்பிக்கிறான், ஒவ்வொன்றும் தவறுகிறது. அயற்கோள் உயிர்கள் அங்கு வந்திறங்கும்போது, தாயும் மகளும் அவர்களுடன் செல்ல விழைந்து புவியை நீங்குகின்றனர். அறிந்த உலகில் காணப்படாது வாழ்வதைவிட அறியாத உலகிற்குச் செல்வது அவர்களுக்கு மேலாகப்படுகிறது.

இக்கதையின் கட்டமைப்பு நுட்பமானது. ரூத்தின் உள்ளம் அவள் கூற்றாக எங்கும் விரியவில்லை. ஃபென்டனின் பிழையான விளக்கங்களுக்கு இடையில் எஞ்சும் இடைவெளிகளிலேயே வாசகர் அவளைக் காணவேண்டியுள்ளது. வான்படங்களில் நிழலைக் கொண்டு பொருளை உய்த்துணர்ந்த படவாய்வாளரின் முறை இங்குக் கதைசொல்லும் உத்தியாகிறது. கதைசொல்லி எதைக் காணவில்லை என்பதை வாசகர் காணுமாறு எழுதப்பட்ட கதை எனலாம்.

அதே ஆண்டில் வெளிவந்து 1974இல் ஹியூகோ விருது பெற்ற 'இணைப்பில் பொருத்தப்பட்ட பெண்' இச்சிக்கலின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. விளம்பரங்கள் தடைசெய்யப்பட்ட எதிர்காலத்தில், புகழ்பெற்ற மனிதர் பயன்படுத்துவதைக் காட்டியே நிறுவனங்கள் பொருள்களை விற்கின்றன. உருக்குலைந்த உடலுடைய பி. பர்க் என்னும் பெண்ணை ஒரு நிறுவனம் நிலத்தடி அறையில் அமர்த்தி, சிந்தனையற்ற அழகிய உடல் ஒன்றைத் தொலைவிலிருந்து இயக்கச் செய்கிறது. டெல்ஃபி எனப்படும் அவ்வுடலை உலகம் கொண்டாடுகிறது. செல்வர் மகன் ஒருவன் அதன்மேல் காதல் கொள்கிறான். டெல்ஃபியை விடுவிக்கும் எண்ணத்துடன் நிலத்தடிக்கு வரும் அவன், தான் காதலித்த உள்ளத்தை அறியாமலே அழிக்கிறான்.

அழகிய முகத்தின்பின் மறைந்து உலகத்தோடு உறவாடும் பர்க்கும், அஞ்சற்பெட்டியின்பின் மறைந்து எழுதிய ஆலிஸும் ஒப்புநோக்கத்தக்கவர்கள். ஆனால் இதனைத் தன்வரலாற்றுக் குறியீடாக மட்டும் சுருக்குதல் பொருந்தாது. தொழில்நுட்பமும் வணிகமும் இணைந்து உடலைப் பண்டமாக்கும் முறையை, இணையம் பரவுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இக்கதை கண்டுகொண்டது.

உடலின் ஆணையும் உயிரின் அழிவும்

காதலும் இறப்பும் ஒன்றையொன்று தழுவி நிற்பது டிப்ட்ரீயின் மற்றொரு பாடுபொருள். நெபுலா விருது பெற்ற 'காதலே திட்டம், திட்டமே மரணம்' (1973) மனிதரே இடம்பெறாத கதை. பெருஞ்சிலந்தியை ஒத்த ஓர் உயிர், தன் இனத்தை ஆளும் இயல்பூக்கத்தை அறிவால் வெல்ல முனைகிறது. அம்முயற்சியின் ஒவ்வொரு படியும் அவ்வியல்பூக்கத்தையே நிறைவேற்றுகிறது. இறுதியில் தன் இணையால் உண்ணப்படும் நிலையிலும் அது காதலைப் போற்றுகிறது. விலங்கு நடத்தையை ஆராய்ந்த அறிஞரின் கையும் துயரம் உணர்ந்த கலைஞரின் கையும் இங்கு ஒருங்கே இயங்குகின்றன.

ராக்கூனா ஷெல்டன் பெயரில் 1977இல் வெளிவந்து நெபுலா விருது பெற்ற 'ஸ்க்ரூஃப்ளை தீர்வு' இதனினும் கடுமையானது. கால்நடைகளின் புண்களில் முட்டையிடும் ஈயினத்தை, மலடாக்கப்பட்ட ஆண் ஈக்களைப் பரப்பி ஒழித்த உண்மையான அறிவியல் முறையே கதையின் தோற்றுவாய். ஓர் இனத்தின் இனப்பெருக்கச் சுழற்சியில் மெலிந்த கண்ணியைத் தாக்கினால் அவ்வினம் அழியும். கதையில் அம்முறை மனிதர்மேல் ஏவப்படுகிறது; ஆண்களின் பாலுணர்வு பெண்கொலையாக மாறுகிறது. கடிதங்கள், செய்தி நறுக்குகள், நாட்குறிப்புகள் ஆகியவற்றின் தொகுப்பாகக் கதை அமைகிறது. பெண்கள் கொல்லப்படும் செய்திகளுக்கு அறிஞரும் மதவாதியரும் விளக்கம் கூறிக்கொண்டிருக்க, கொலைகள் பெருகுகின்றன. அயற்கோளினரின் சதி என்பதைக் கதை இறுதியில்தான் உணர்த்துகிறது. அதுவரை அச்செய்திகள் நம்பத்தக்கனவாகவே தோன்றுவதில்தான் கதையின் அச்சம் உள்ளது.

1976இல் வெளிவந்த 'ஹூஸ்டன், ஹூஸ்டன், கேட்கிறதா?' நெபுலா விருதையும், மற்றொரு படைப்புடன் பகிர்ந்து ஹியூகோ விருதையும் பெற்றது. மூன்று ஆண் விண்வெளி வீரர்கள் காலம் கடந்து எதிர்காலத்தை அடைகின்றனர். அங்குப் புவியில் ஆண்களே இல்லை. நகலாக்க முறையில் பிறந்த பெண்கள் அமைதியாக வாழ்கின்றனர். வீரர்களின் உள்ளத்தடைகளை நீக்கும் மருந்து தரப்படுகிறது. ஒருவனிடம் வன்புணர்வு வேட்கையும், மற்றொருவனிடம் சமயத்தலைமை வெறியும் வெளிப்படுகின்றன. புதிய சூழலில் அவர்கள் தாம் அறிந்த பழைய அதிகாரத்தையே பற்றிக்கொள்கின்றனர். பழகாத சூழலில் உயிர்கள் பழகியதை நாடும் இயல்பை ஆராய்ந்த உளவியலாளரின் கதை இது என்பது இங்குப் புலப்படுகிறது. எனினும் அப்பெண்களின் உலகையும் அவர் குறையற்ற பொன்னுலகாகப் படைக்கவில்லை. அவர்களின் கனிவும் தம் அமைதிக்காக அம்மூவரைக் கைவிடுமளவு உறுதியானது.

திறனாய்வாளரும் ஃபென்டனும்

1975இல் டிப்ட்ரீயின் இரண்டாம் சிறுகதைத் தொகுதி வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதிய புகழ்பெற்ற அறிவியல் புனைவாளர் ராபர்ட் சில்வர்பெர்க், டிப்ட்ரீ பெண்ணாக இருக்கலாம் என்னும் ஊகத்தை மறுத்தார். அவ்வெழுத்தின் ஆண்தன்மை மறுக்கவியலாதது என்றும், அதை ஹெமிங்வேயின் நடையோடு ஒப்பிடலாம் என்றும் கருதினார். 'ஆண்கள் காணாத பெண்கள்' அதே தொகுதியில் இடம்பெற்றிருந்தது. அதனைப் பெண்ணியக் கதை என்று அவர் சரியாகவே உணர்ந்து பாராட்டினார். ஆனால் ஆணுக்குரிய முறையில் எழுதப்பட்டதாகக் கொண்டார். ஃபென்டனின் குரலை ஆசிரியரின் குரலாகக் கேட்டதன் விளைவு இது. ஒரு பெண்ணைக் காணத் தவறும் ஆணின் கதைக்கு எழுதப்பட்ட முன்னுரை, அக்கதையின் நிகழ்வையே மீண்டும் நிகழ்த்தியது.

இப்பிழையை ஒருவருடைய குறையாகக் கொள்ளுதல் முறையன்று. பெண்ணிய எழுத்தாளர்களும் டிப்ட்ரீயைப் பெண்களைப் புரிந்துகொண்ட ஆணாகவே எண்ணினர். பெண்களும் அறிவியல் புனைவும் என்னும் பொருளில் 1974-75இல் ஓர் இதழ் நடத்திய கருத்தரங்கில் டிப்ட்ரீ ஆணாகவே பங்கேற்றார். இவ்வேடம் ஆலிஸுக்கு உறுத்தலையும் தந்தது. பெண்களின் நிலையை உணர்ந்த ஆண் என்பதற்காகவே தம் கதைக்குப் பாராட்டு மிகுவதாக எண்ணிய அவர், 'ஆண்கள் காணாத பெண்கள்' கதையை நெபுலா விருதுப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டார்.

1976ஆம் ஆண்டு அக்டோபரில் மேரி பிராட்லி மறைந்தார். சிகாகோவில் தம் தாய் இறந்த செய்தியை டிப்ட்ரீ கடிதத்தில் எழுதினார். சிகாகோ செய்தித்தாளின் இறப்பறிவிப்பைத் தேடிக் கண்ட நண்பர், அதில் ஆலிஸ் ஷெல்டன் என்னும் ஒரே மகளின் பெயரைக் கண்டார். ஆலிஸ் உண்மையை ஒப்புக்கொண்டு நெருங்கிய நண்பர்களுக்கு எழுதினார்; 1977இன் தொடக்கத்தில் செய்தி பரவியது. சில்வர்பெர்க் தம் பிழையைப் பிந்தைய பதிப்பில் வெளிப்படையாக ஏற்றார். 1978இல் வெளிவந்த அடுத்த தொகுதிக்கு லெ குவின் முன்னுரை எழுதினார்.

பிற்காலமும் மறைவும்

அடையாளம் வெளிப்பட்டது ஆலிஸுக்கு விடுதலையாக அமையவில்லை. டிப்ட்ரீயின் குரலில் தாம் பெற்றிருந்த உரிமையை இழந்ததாக அவர் உணர்ந்தார். 1978இலும் 1985இலும் இரு புதினங்கள் வெளிவந்தன. கிண்டானா ரூ பகுதியைக் களமாகக் கொண்ட கதைத்தொகுதி 1987இல் உலக மிகுபுனைவு விருதைப் பெற்றது. ஆயினும் 1970களின் கதைகளில் இருந்த செறிவு பிற்காலப் படைப்புகளில் குறைவு என்பதே பரவலான மதிப்பீடு. மனச்சோர்வு அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. அவரைவிடப் பன்னிரண்டு ஆண்டு மூத்தவராகிய கணவர் முதுமையில் பார்வையை இழந்தார்.

1987ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் மெக்லீன் இல்லத்தில் ஆலிஸ் கணவரைச் சுட்டுக் கொன்றபின் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். இது இருவரும் முன்பே செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவு என்று நெடுங்காலம் கூறப்பட்டது. 1991இல் எழுத்தாளர்கள் கேரன் ஜாய் ஃபவுலரும் பேட் மர்ஃபியும் பாலினம் பற்றிய புரிதலை விரிவாக்கும் ஊகப் புனைவுகளுக்கென டிப்ட்ரீ பெயரில் ஒரு விருதை நிறுவினர். 2006இல் ஜூலி ஃபிலிப்ஸ் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. 2019இல், பராமரிக்கும் ஒருவர் நோயுற்றவரைக் கொன்ற செயலைக் காதலின் முடிவாகப் போற்றலாகாது என்னும் குரல் மாற்றுத்திறனாளர் தரப்பிலிருந்து எழுந்தது. விருதின் பெயர் 'அதர்வைஸ்' என மாற்றப்பட்டது.

இப்பெயர் மாற்றம் டிப்ட்ரீயின் படைப்புகளுக்கு எதிரானது எனக் கொள்ள வேண்டியதில்லை. ஆலிஸின் கதையாகவே சொல்லப்பட்டு வந்த அந்நிகழ்வில் ஹண்டிங்டன் ஷெல்டனின் கூற்று இடம்பெறவில்லை. கதைசொல்லியின் பார்வையில் படாதவரைத் தேடும் வாசிப்பை அவருடைய கதைகளே கற்பித்தன. அவ்வாசிப்பு அவருடைய இறுதிச் செயலையும் விட்டுவைக்கவில்லை.

முடிவுரை

ஆலிஸ் ஷெல்டனின் வாழ்வையும் படைப்பையும் இணைத்து நோக்கியதன்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

படவாய்வு, உளவு, உளவியல் ஆகிய தொழில்களில் அவர் பெற்ற காணும் திறன், கதைசொல்லியின் காணாமையை வாசகருக்குக் காட்டும் உத்தியாக மாறியது.

அவருடைய புனைபெயர் வெறும் மறைப்பு அன்று. வேறோர் உடலின்வழிப் பேசுதல் என்னும் பாடுபொருளின் தொடர்ச்சி. அதனாலேயே பெயரின் இழப்பு குரலின் இழப்பாக உணரப்பட்டது.

நடையைக் கொண்டு ஆசிரியரின் பாலினத்தைத் துணிவது நம்பத்தக்க முறையன்று என்பதை இவருடைய எழுத்துவாழ்வு மெய்ப்பித்தது. அதேவேளையில், ஆசிரியர் யாரென அறிந்தபின் பனுவலின் பொருள் விரிவடைகிறது என்பதையும் அது காட்டியது. ஆகவே வாழ்க்கை வரலாற்றை முற்றும் விலக்கும் வாசிப்பும், அதையே அளவுகோலாகக் கொள்ளும் வாசிப்பும் ஒருசேரக் குறையுடையன.

பனுவலில் பேசுபவர் யார் என்னும் வினாவோடு, பேசப்படாது விடப்பட்டவர் யார் என்னும் வினாவையும் எழுப்புவதே இவருடைய படைப்புகள் வேண்டும் வாசிப்பு முறை. ஆசிரியர் பெயரை முன்னிறுத்திப் பொருள்காணும் ஆய்வுகளுக்கு இவ்விரண்டாம் வினா இன்றியமையாத எச்சரிக்கையாக அமைகிறது.